வினிஃப்ரெடின் கணக்கு

பதினெட்டு டாலருக்கு
நான்கு மதுக்கடை, ஐந்து பேய்,
ஒரு கோப்பை பியர்.
பேட்டரி லாந்தரைத் தூக்கிக்கொண்டு
முன்னால் நடக்கிறாள் லொரெட்டா ட்ரெஜென்ஸா,
பகலில் பல் வைத்தியரிடம் ரசீது எழுதுபவள்,
ராத்திரிக்குக் கறுப்பு அங்கி.

ப்யூட் மேட்டில் அக்டோபரிலேயே பனி.
சுரங்கத்து இரும்புக் கோபுரங்கள்
சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன,
இறங்கவும் ஆளில்லை, ஏறவும் ஆளில்லை.
எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேர்:
ஐடஹோவிலிருந்து தேனிலவு ஜோடி,
ஒரே மாதிரிச் சட்டையில் நான்கு நர்சுகள்,
எதையும் நம்பாத ஒருவர்,
எல்லாவற்றையும் நம்பும் அவர் மனைவி,
கடைசியில், முழங்காலோடு பேச்சுவார்த்தை நடத்தியபடி, நான்.

முதல் கடையில் கழுத்தறுபட்ட சீட்டாட்டக்காரன்.
அடுத்ததில், பூமிக்கடியில் தீயில் செத்த இரட்டையர்
பாக்கிக் கூலி கேட்டு
இன்னும் சுவரைத் தட்டுகிறார்களாம்.
தட்டியது தண்ணீர்க் குழாய்.
இருந்தாலும் எல்லோரும் கத்தினோம்.
காசு கொடுத்தாயிற்றே.

மூன்றாவது கடை வாசலில்
என் கால் தானாக உயர்ந்தது.
அங்கே ஒரு படி மட்டும் அரை அங்குலம் கூடுதல்.
எதையும் நம்பாதவர் தடுக்கி விழுந்தார்.
எட்டு வருஷம் இந்தக் கல்லாவுக்குப் பின்னால்
நின்றவன் நான் என்று
யாரிடமும் சொல்லவில்லை.

"இங்கேதான் வினிஃப்ரெட்,"
என்று குரலைத் தாழ்த்தினாள் லொரெட்டா.

வினிஃப்ரெடைப் பெற்றவன் நான்.
சுரங்கத்தை மூடிய வருஷம், பிப்ரவரி.
கல்லாவில் நாற்பது டாலர் குறைந்தது.
முதலாளி ஸ்டெவோ வுகசோவிச்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
எண்ணினார். மறுபடி எண்ணினார்.
அவர் நிமிர்வதற்குள்
எனக்கு ஒரு பேய் தேவைப்பட்டது.
பீச் பழ டப்பாப் பெட்டியில் அச்சடித்திருந்த பெயரை எடுத்தேன்.
ஐஸ் இயந்திரத்தின் முனகலைக் குரலாக வைத்தேன்.
வெள்ளைப் பாவாடை கட்டிவிட்டேன்.
அவசரத்தில் முகம் வைக்க மறந்துபோனேன்.
"ஓஹோ" என்றார் ஸ்டெவோ. அவ்வளவுதான்.

இப்போது அவளுக்கு முகம் இருக்கிறது.
இடது புருவத்தில் தழும்புகூட.
சலவைக்காரியாம், காசநோயாம்.
நான் போட்டுவிட்டுப் போனதை
ஊரே சேர்ந்து சோறு போட்டு வளர்த்திருக்கிறது.

"கல்லாவில் கை வைப்பாள்," என்றாள் லொரெட்டா,
"தனக்கில்லை. மகளுக்கு.
குளிருக்குக் கோட்டு இல்லாத மகள்."

பியர் தொண்டையிலேயே நின்றது.
கோட்டைப் பற்றி
நான் மூச்சு விட்டதில்லை.
நீலக் கோட்டு, மரப் பித்தான்.
ரோவீனா அதைப் போட்டுக்கொண்டு
இந்தக் கதவுக்கு வெளியே எனக்காக நின்றது
ஒரே ஒரு நாள்.

"பழைய முதலாளி பேசாமல்
வெள்ளிக்கிழமைதோறும் கடையடைக்கும் முன்
கடைசிக் கிளாசுக்கு அடியில்
ஓர் இருபது டாலர் நோட்டு வைப்பாராம்.
காலையில் இருக்காதாம்.
சாகும்வரை வைத்தார்."

இருக்காதுதான்.
பனி உருகும்வரை
அது இருக்காமல் பார்த்துக்கொண்டவன் நான்.
கிழவருக்கு மறதி என்று நினைத்தேன்,
கொஞ்சம் சிரிக்கவும் சிரித்தேன்.
ஏப்ரலில் ஸ்போகேனில் வேலை கிடைத்து
சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டேன்.

சாகும்வரை என்றால்,
நான் போன பிறகு
அத்தனை வெள்ளிக்கிழமையும்
யார் எடுத்தது?

மற்றவர்கள் வெளியே போய்க் கையுறை மாட்டினார்கள்.
என் கிளாசைத் துடைத்துக் கவிழ்த்து
அடியில் ஒரு நோட்டை வைத்தேன்.
ஆளைக் காணோமே என்று திரும்பி வந்த லொரெட்டா
தனக்கு வைத்த டிப்ஸ் என்று நினைத்து
"ரொம்ப தாராளம் சார்" என எடுத்து
அங்கிக்குள் போட்டுக்கொண்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஐஸ் இயந்திரம் முனகியது.
புது இயந்திரம்.
"வாங்க, அடுத்த கடையில் ஒரு நாய்,"
என்றாள்.